காலை ஊன்றாதே

ஆஸ்டின் டவுன் வரிசை வீடுகளில் அப்பாதுரைக்கு ஒரு நல்ல பேர் கிடைக்க, அவன் பெண்டாட்டியின் கால் உடைய வேண்டியிருந்தது. அதுவரை அவன் எலிக்காரன். தெருமுனை டீக்கடையில் அவன் வந்து நின்றால், பெஞ்சில் இருப்பவர்கள் மூக்கைத் தடவிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். தனக்கு இடம் விடுகிறார்கள் என்று அவனும் எடுத்துக்கொள்வான். வேறு என்ன செய்ய முடியும்?

அவன் வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். சோதனைக்கு வளர்க்கும் எலிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூண்டு கழுவ வேண்டும், மரத்தூள் மாற்ற வேண்டும், தீனி வைக்க வேண்டும், செத்ததை எடுத்து எரிக்கக் கொடுக்க வேண்டும். பல வருஷம் தினக்கூலியாகக் கிடந்தவனை 1991-இல் நிரந்தரமாக்கினார்கள். காக்கிச் சட்டை கொடுத்தார்கள், போட்டோ ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். ஆனால் பேர் மட்டும் மாறவில்லை. நிரந்தர எலிக்காரன் ஆனான், அவ்வளவுதான்.

அவன் மனைவி சரசுவுக்கு அந்த வாடை ஆகாது. கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டாள். வேலை முடிந்து வந்தால் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும்; எலிப் பேச்சு வாசற்படிக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். இந்த இரண்டையும் அவன் ஒரு நாளும் மீறியதில்லை. அதனால் நிலையத்தில் அவன் என்ன செய்கிறான், எந்த எலிக்கு என்ன ஆகிறது என்பதெல்லாம் அவளுக்குத் துளியும் தெரியாது. பின்னால் அவனுக்கு இது ரொம்பவே வசதியாகப் போயிற்று.

சரசு ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். ஷிப்டு முழுக்க நின்ற கால்தான். வீட்டுக்கு வந்தால் குழாயடியிலிருந்து இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். நாற்பத்தேழு வயதிலும் தெருவில் அவள் வேகத்துக்கு யாரும் ஈடு கிடையாது. கூட நடக்கிற பெண்கள் கொஞ்சம் நில்லுடி என்று கெஞ்சுவார்கள். குழந்தை இல்லாத வீடு. அவள் வேகத்துக்குச் செலவழிக்க இடமும் வேறு இல்லை.

1997-இன் கடைசியில் ஒரு காலை, தலை வலிக்கிறது, இன்றைக்கு லீவு போடட்டுமா என்று கேட்டாள். அப்பாதுரை சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற? போய்ட்டு வா" என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னான். அவளும் போனாள். ஆடுகோடி ஸ்டாப்பில் கூட்டத்தோடு இறங்கும்போது பஸ் நகர்ந்துவிட்டது. கீழே விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்து சேர்ந்தவன் அவள் அண்ணன் பழனிச்சாமி. ஈஜிபுராவில் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய்க்குப் பூட்டு கிடையாது. தலைவலிக் கதையைத் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். அப்பாதுரை மூச்சு வாங்க வார்டுக்குள் நுழைந்ததும், இரண்டு பக்கக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி ஆரம்பித்துவிட்டான்.

"லீவு கேட்டவள வெரட்டி வுட்டுக்கீற. எங்க வூட்டுப் பொண்ண நிக்க வெச்சே சாவடிக்கலாம்னு பாத்தியா மாப்ள?"

எலிக்காரன் என்ற பேரை இத்தனை வருஷம் சுமந்தாயிற்று. பெண்டாட்டியை நிற்க வைத்துக் கொன்றவன் என்ற பேரும் சேர்ந்தால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது? அப்பாதுரை அந்த வார்டிலேயே ஒரு முடிவுக்கு வந்தான். இனி இவளை நிற்க வைத்தான் என்று ஒரு பயல் தன்னைச் சொல்லக்கூடாது. அவன் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் ஒழுங்காக நிறைவேற்றியது அந்த ஒன்றைத்தான்.

பொங்கல் கழிந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று டாக்டர் கன்னடத்தில் சொன்னார். நடக்க உதவும் நாலுகால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றட்டும், முதலில் வலிக்கும், அதற்குப் பயந்து படுக்கப் போட்டுவிடாதே என்றார். அப்பாதுரைக்குத் தமிழும் கன்னடமும் ஒன்றுதான். எல்லாம் விளங்கியது, தலையும் ஆட்டினான். வரும் வழியில் ஒரு வாக்கரும் வாங்கி வந்தான்.

மறுநாள் சரசு வாக்கரைப் பிடித்துக் காலை ஊன்றினாள். வலியில் அலறிவிட்டாள். எதிர்வீட்டுச் சின்னத்தாயி கையில் கரண்டியோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். அவ்வளவுதான், அப்பாதுரை சரசுவை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் கிடத்தினான்.

"கால ஊனாத சரசு. நான் கீறேன் இல்ல? நீ ராணி மாதிரி குந்து" என்றான். சின்னத்தாயி கரண்டியை மறந்துவிட்டு அவனையே பார்த்தாள். அவள் புருஷன் அவளை அப்படித் தூக்கியது எந்த ஜென்மத்திலோ.

சாயங்காலத்துக்குள் விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. அதன்பிறகு அப்பாதுரையைப் பிடிக்க முடியவில்லை. விடிவதற்குள் எழுந்து தண்ணீர் பிடித்தான், சமைத்தான், அவளைத் துடைத்துத் தலை வாரிவிட்டான். கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு அதுகூட அவளுக்குச் சிரமம் என்று கட்டிலிலேயே பாத்திரம் வைத்து எடுத்தான். பெண்கள் குழாயடியில் தங்கள் வீட்டு ஆண்களை அவன் பேர் சொல்லித் திட்டினார்கள். டீக்கடை பெஞ்சில் நிஜமாகவே இடம் விட்டார்கள். எலிக்காரன் போய், தங்கமான மனுஷன் வந்தான். அதே சட்டை, அதே வாடை. யாருக்கும் மூக்கு அரிக்கவில்லை. வாக்கர் கதவுக்குப் பின்னால் நின்றது. அதன்மேல் துண்டு காயப்போட ஆரம்பித்தான்.

உண்மையைச் சொல்வதானால் சரசுவுக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து நின்ற உடம்பு. ஒருவன் சோறு பிசைந்து கையில் கொடுத்தால் கசக்குமா என்ன? ஒரு மாதம் போனபின் கால் தன்னுடையது இல்லாத மாதிரி இருக்கிறது என்றாள். தொடை சூம்பிவிட்டது என்று புடவையை விலக்கிக் காட்டினாள். கொஞ்சம் பிடித்துக்கொள், நின்று பார்க்கிறேன் என்றாள். அவன் போர்வையை இழுத்துவிட்டு, ஆகட்டும், அவசரம் என்ன என்றான்.

இதே சமயத்தில்தான் நிலையத்தில் வித்யாலட்சுமியின் சோதனை ஆரம்பித்தது. ஈரோட்டிலிருந்து வந்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த பெண். அப்பாதுரையை அண்ணா என்று கூப்பிட்ட ஒரே ஆள். அவளுடைய எலிகளில் ஒரு பகுதி சும்மா கூண்டில் திரியும். ஒரு பகுதிக்கு வாலில் பட்டையான டேப்பை ஒட்டி, கொக்கியில் மாட்டி, கூண்டின் மேல்கம்பியிலிருந்து தொங்கவிட வேண்டும். முன்கால் தரையில் இருக்கும், பின்கால் மட்டும் அந்தரத்தில். தின்னும், குடிக்கும், முன்காலால் கூண்டைச் சுற்றிவரும். ஒரு குறையும் இருக்காது, பின்காலுக்குச் சுமை கிடையாது, அவ்வளவுதான். மூன்றாவது பகுதியும் அதே மாதிரி தொங்கும். ஆனால் தினமும் கொஞ்ச நேரம் அவற்றைக் கீழே இறக்கி நாலு காலில் நடக்கவிட வேண்டும். அந்த இறக்கிவிடும் வேலை அப்பாதுரையுடையது.

இது எதற்கு என்று அவன் கேட்டான். வித்யாலட்சுமி பொறுமையாகச் சொன்னாள்.

"எலும்புன்னா கல்லு மாதிரின்னு நெனைக்கறோம், இல்லண்ணா. உள்ள உயிரோட செல்லுங்க இருக்கு. ஒவ்வொண்ணும் மெல்லிசா கை நீட்டிப் பக்கத்துல இருக்கறதைத் தொட்டுக்கிட்டே இருக்கும். நாம கால ஊனி நடக்கறப்ப எலும்பு கண்ணுக்குத் தெரியாம துளி வளையும். உள்ள இருக்கற தண்ணி அசையும். அந்த அசைவு அதுங்களுக்குத் தெரியும். சுமை வருது, கட்டுங்கன்னு ஆள் அனுப்பும். அசைவே இல்லைன்னா, இந்த எலும்பு யாருக்கும் வேண்டாம்போல, பிரிச்சிடுங்கன்னு சொல்லிடும்."

அப்பாதுரைக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. தினக்கூலிக்கு முன்னால் கொஞ்ச காலம் சித்தாள் வேலை பார்த்தவன். கட்டுகிற ஆளும் இடிக்கிற ஆளும் ஒரே வீட்டுக்குள் இருக்கிறார்கள், நடக்கும்போது இவன் வருகிறான், படுத்தால் அவன் வருகிறான் என்று டீக்கடையில் விளக்கம் சொன்னான். தங்கமான மனுஷன் சொல்கிறான் என்று எல்லாரும் கேட்டார்கள். சொல்கிற வாய்க்கும் சொல்லப்பட்ட விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை, சொன்னவனுக்கும் தோன்றவில்லை.

தோன்றவேயில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு நாள் தோன்றியது. முதல் சுற்று எலிகளைக் கொன்று எலும்பெடுத்து, சீவிச் சாயமேற்றி, வித்யாலட்சுமி அவனைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். சும்மா திரிந்த எலியின் எலும்புக்குள் நெருக்கமான வலை. தொங்கிய எலியுடையதில் வலை அங்கங்கே அறுந்து, ஓட்டையாகக் கிடந்தது. மூன்றாவது, அவன் தினமும் இறக்கிவிட்ட எலி. முழுக்கத் தப்பவில்லை, ஆனாலும் வலை பிடித்து நின்றது. நீங்க எறக்கி வுட்டதுதாண்ணா, அதுதான் வித்தியாசம் என்றாள். அப்பாதுரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். சரசு புடவையை விலக்கிக் காட்டிய தொடை நினைவுக்கு வந்தது.

அன்றைக்குக் குளித்தும் குளிக்காமலும் வீட்டுக்குள் போனான். நேராகக் கதவுக்குப் பின்னால் போய் வாக்கர் மேலிருந்த துண்டுகளை எடுத்துத் தோளில் போட்டான். அந்த நேரம் பார்த்துப் பழனிச்சாமி வந்து சேர்ந்தான். கையில் ஆரஞ்சுப் பை. சின்னத்தாயியும் பின்னாலேயே வந்தாள். பழனிச்சாமி தங்கையின் கட்டிலைப் பார்த்தான், மடித்துவைத்த போர்வையைப் பார்த்தான், பிறகு அப்பாதுரையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு வார்டுல நான் பேசினது தப்பு மாப்ள. உன்ன மாதிரி எவன் பாத்துக்குவான்? நானே எம் பொண்டாட்டிய இப்பிடி வெச்சுக்கமாட்டேன்."

இந்த மன்னிப்புக்காக அப்பாதுரை எத்தனை மாதம் காத்திருந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். அதுவும் சின்னத்தாயி எதிரில். இந்த நேரத்தில், மச்சான், இவளை எழுப்பி நிற்க வைக்கப் போகிறேன், கத்துவாள், நீ கொஞ்சம் தள்ளிக்கொள் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தைதான். மச்சான் போனபிறகு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. துண்டுகள் மறுபடியும் வாக்கர் மேல் ஏறின. எலிப் பேச்சு வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்தானே, அவன் அதன் பின்னால் ஒளிந்துகொண்டான். கோழை. தங்கமான கோழை.

ஏப்ரல் பதினாலாம் தேதி தெருவுக்கே திருநாள். நீலக் கொடியும் பேண்டும் வாணவேடிக்கையுமாக ஊர்வலம் வரும், வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வாசலில் நிற்பார்கள். சரசு காலையிலேயே நல்ல புடவை கேட்டுக் கட்டிக்கொண்டாள்.

"இந்தாய்யா, என்ன வாசல் வரைக்கும் கூட்டினு போ. தூக்க வாணாம். புடிச்சுக்கோ போதும், நான் நடந்து வர்றேன். ஸ்வல்ப நேரம்" என்றாள்.

அன்றைக்கு லீவுதான். ஆனால் இரண்டாம் சுற்று எலிகள் தொங்கிக்கொண்டிருந்தன, லீவு நாளானாலும் இறக்கிவிடத் தவறக்கூடாது. டூட்டி இருக்கிறது, ஊர்வலம் அடுத்த வருஷமும் வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். போகிற அவசரத்திலும் தலையணையைச் சரிசெய்து வைத்தான். நிலையத்தில் ஒவ்வோர் எலியாகக் கொக்கியிலிருந்து கழற்றி, அடிவயிற்றில் கை கொடுத்து, தரையில் மெதுவாக விட்டான். முதலில் பின்கால் மடங்கும், தடுமாறும். பிறகு சமாளித்து நடக்கும். அவன் குத்தவைத்து உட்கார்ந்து, நட, நட என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்டின் டவுனில் சரசு கட்டிலில் படுத்துப் பேண்டு சத்தம் கிட்டே வந்து, கடந்து, தேய்வதைக் கேட்டாள். கட்டிய புடவையை அவிழ்க்கவும் ஆள் வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் கேட்பதை விட்டுவிட்டாள். ஜூலையில் ஒரு மத்தியானம், அவன் வேலைக்குப் போயிருந்தபோது, கட்டிலைவிட்டுத் தானே இறங்கினாள். உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்துக் கதவுவரை போய் வாக்கரை இழுத்து, துண்டுகளைத் தள்ளிவிட்டு, அதைப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறாள். நின்றது நிஜம், சின்னத்தாயி தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். சரசு இவளைப் பார்த்துச் சிரித்தாளாம். வாசலை நோக்கி ஒரு எட்டு வைத்தவள் அப்படியே இடுப்போடு சரிந்தாள்.

தொடை எலும்பு இடுப்பில் சேருகிற கழுத்து உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து திருகாணி போட்டார்கள். அது நிற்கவில்லை. பிடித்துக்கொள்ள எலும்பில் பலம் இல்லை என்று பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இந்த அம்மாள் இனி நடப்பது கஷ்டம் என்றார். விழுந்ததால் உடைந்ததா, உடைந்ததால் விழுந்தாரா என்றுகூடச் சொல்ல முடியாது என்றார். முதல் முறிவுக்குப் பிறகு எவ்வளவு நாள் படுக்கையில் இருந்தார் என்று கேட்டார்.

பழனிச்சாமிதான் முந்திக்கொண்டான். குரலில் அவ்வளவு பெருமை.

"கீழ கால் வெக்கவே வுடல சார். பூ மாதிரி பாத்துக்கினாரு."

டாக்டர் படத்தை இறக்கிவிட்டு அப்பாதுரையைப் பார்த்தார். அப்பாதுரை அந்தப் படத்தில் அறுந்த வலையைத் தேடிக்கொண்டிருந்தான். எக்ஸ்ரேயில் அது அப்படித் தெரியாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தெருவில் அவன் பேர் இன்னும் உயர்ந்தது. முதல் தடவையே தாங்கினவன், இரண்டாவது தடவையும் முகம் சுளிக்காமல் தாங்குகிறானே என்றார்கள். சரசு தானாக எழுந்தது தப்பு என்றார்கள். அவ்வளவு சொல்லியும் கேட்காமல் எதற்கு எழுந்தாளாம்? அப்பாதுரை அதையும் மறுக்கவில்லை. டீக்கடையில் மட்டும் எலும்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

அடுத்த வருஷம் வித்யாலட்சுமி பட்டம் வாங்கினாள். வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் சொல்லிக்கொள்ள மைசூர்பாகு டப்பாவோடு ஆஸ்டின் டவுனைத் தேடி வந்தாள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் அப்பாதுரை அவளிடம் சொல்லியிருந்தான். இப்படி என்று சொல்லவில்லை. அவள் கட்டிலருகில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியாதவர்கள் எதிரில் இருப்பவனைப் புகழ்வார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். அண்ணன் இல்லாவிட்டால் தன் சோதனையே இல்லை என்றாள். தொங்கவிட்ட எலிகளைத் தினமும் இறக்கி நடக்கவிட்டது அவர்தான், அதனால்தான் அவற்றின் எலும்பு தப்பியது, நடக்காமல் தொங்கியவற்றுக்கு எலும்பே கரைந்துவிட்டது என்றாள். அப்பாதுரை அடுப்பங்கரை வாசலில் காப்பி டம்ளரோடு நின்றான். வாசற்படிக்கு வெளியே இத்தனை வருஷம் நின்ற பேச்சு உள்ளே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டது.

சரசு எல்லாவற்றையும் கேட்டாள். அந்தப் பெண்ணிடம் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தெனமுமாம்மா எறக்கி வுட்டாரு?"

"ஒரு நாள்கூடத் தவறினதில்லைங்கம்மா. ஞாயித்துக்கிழமைகூட வந்துடுவார்."

"ஏப்ரல் பதினாலு?"

வித்யாலட்சுமி யோசித்தாள். "அன்னிக்கும் வந்தார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான்தான் கதவு தொறந்து வுட்டேன். எலிங்க நடக்கறப்ப பக்கத்துலயே குந்திக்கிட்டு, நட நடன்னு சொல்லுவார். எனக்குச் சிரிப்பா வரும்" என்று சிரித்தாள்.

சரசுவும் லேசாகச் சிரித்தாள். மைசூர்பாகில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள், நல்லாயிருங்கம்மா என்று சொல்லி அனுப்பினாள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அப்பாதுரை கட்டிலருகே நின்றான். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் தலையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பினாள். உடம்பு அதனோடு வரவில்லை. கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

"என்ன அந்தாண்ட திருப்பி வுடு" என்றாள். "ஒம் மூஞ்சியப் பாத்துகினு கெடக்க முடியல."

அவன் குனிந்தான். ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, வலிக்காமல், கொஞ்சமும் குலுங்காமல், அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டான். அந்த வேலையில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது.